கழுதைப் பால் லிட்டர் ஐயாயிரம்: கணக்கு எங்கே இடிக்கிறது?

பெங்களூருவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கும். ராகியும் அவரையும் விளைந்த நிலம், இப்போது பாதி தரிசாகக் கிடக்கும். அதில் கழுதைப் பண்ணை போட்டால் என்ன என்ற கேள்வி சில வருடங்களாக அல்சூரிலும் ராமமூர்த்தி நகரிலும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கேள்விக்குப் பின்னால் மூன்று செய்திகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. 2022 ஜூனில் மங்களூருக்குப் பக்கத்தில் ஒருவர் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு 20 கழுதைகளோடு பண்ணை திறந்தார். 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை கழுதை வளர்ப்புக்கு மானியம் உண்டு என்றது. அதே 2024இன் பிற்பகுதியில், கழுதைப் பண்ணைத் திட்டத்தில் பணம் போட்டு ஏமாந்தோம் என்று ஹோசப்பேட்டையிலும் ஹைதராபாதிலும் விவசாயிகள் புகார் சொன்னார்கள். மூன்றும் உண்மைதான். அப்படியென்றால் கழுதையில் லாபம் இருக்கிறதா, இல்லையா?

இதற்குப் பதில் பாலில் தொடங்காது. கழுதையை ஜனங்கள் இத்தனை காலம் எதற்காக வைத்திருந்தார்கள் என்பதில்தான் தொடங்கும்.

கழுதை எப்படிப்பட்ட பிராணி

கழுதை வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுக் கழுதையிலிருந்து வந்தது. மனிதன் அதைப் பழக்கி ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அதன் உடம்பில் உள்ள எல்லாமே அந்தப் பாலைநிலத்துக்காக ஆனவை.

மாடு, ஆடு போல அது அசைபோடுவதில்லை. குதிரையைப் போல, தின்றது பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள ஒரு பெரிய பையில் நுண்ணுயிர்களால் செரிக்கப்படுகிறது. இதனால் மாடு முகர்ந்துவிட்டு நகரும் காய்ந்த தட்டையிலும் முள்ளுச் செடியிலும்கூட அது பிழைத்துக்கொள்ளும். உடம்பு எடையில் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு காய்ந்த தீனி இருந்தால் சும்மா நிற்கும் கழுதைக்குப் போதும். நம் ஊர் நாட்டுக் கழுதை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதற்கு நாளைக்கு இரண்டு கிலோ வைக்கோல்.

தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான். உடம்பின் நீரை மிகுதியாக இழந்த பிறகும் தாங்கும். தண்ணீர் கிடைத்ததும் சில நிமிடங்களில் குடித்து ஈடு செய்துகொள்ளும். பயந்தால் குதிரை ஓடும், கழுதை அப்படியே நின்றுவிடும். இதைத்தான் நாம் பிடிவாதம் என்கிறோம். பாறைச் சரிவில் பொதியோடு போகும் பிராணி யோசிக்காமல் ஓடாமல் இருப்பது வளர்ப்பவனுக்கு நல்லதுதான்.

பொதிக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. சுமை, வண்டி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளின்படி ஒரு கழுதை மேல் 50 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது. கோவேறு கழுதைக்கு 200 கிலோ வரை அனுமதி. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை கூடாது. இந்த விதியைப் படித்த கழுதைக்காரர் யாரும் இருப்பார் என்று தோன்றவில்லை, படிக்க வேண்டிய செங்கல் சூளை முதலாளியும் படித்திருக்க மாட்டார்.

யார் வைத்திருக்கிறார்கள், எதற்கு

1. பொதி. இதுதான் முதல் காரணம், பல இடங்களில் ஒரே காரணமும்கூட. மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து, அதாவது வணிகக் கூட்டம், சுங்கம் வாங்கும் பெருவழியில் போவதைப் பெரும்பாணாற்றுப்படையே பாடுகிறது. தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குப் பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை முதுகில்தான் அனுப்பினார்கள். தேர்தல் அன்று புகைப்படக்காரர்கள் போவார்கள். மற்ற நாட்களில் அப்படிப்பட்ட மலையூர்களுக்கு அரிசி, சிமெண்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏறுவதும் அதே முதுகில்தான், அதை யாரும் படம் எடுப்பதில்லை. வட இந்தியாவில் செங்கல் சூளைகளில் பச்சைக் கல்லைக் களத்திலிருந்து சூளைக்குச் சுமப்பது இன்றும் பெரிய வேலை.

2. சலவை. பெங்களூருவில் மல்லேஸ்வரம், அல்சூர் தோபி காட்களில் துணி மூட்டை ஒரு காலத்தில் கழுதை மேல்தான் போய் வந்தது. நீலசந்திரா பக்கத்து வண்ணாரப்பேட்டையில் வயதானவர்களைக் கேட்டால் எந்தச் சந்தில் யார் வீட்டுக் கழுதை நிற்கும் என்று சொல்வார்கள். இப்போது மூட்டை டெம்போவிலும் ஸ்கூட்டரிலும் போகிறது. நகரவாசிகள் கண்ணில் கழுதை படுவது கன்னட அமைப்புத் தலைவர் வாட்டாள் நாகராஜ் அதை ஊர்வலத்துக்கு அழைத்து வரும்போதுதான் என்று சொன்னால் ரொம்பத் தப்பில்லை.

3. ஆட்டுக்கிடை. வட கர்நாடகத்தில் ஆட்டு மந்தையோடு ஊர் ஊராக நகரும் மேய்ச்சல்காரர்களுக்குக் கழுதை நடமாடும் வீடு. கூடாரத் துணி, பாத்திரம், கிடை வலை, அன்று பிறந்து இன்னும் நடக்க முடியாத குட்டி, எல்லாம் அதன் மேல். மந்தை போகும் இடத்தில் சாலை கிடையாது, அதனால் இந்த வேலைக்கு வண்டி இன்னும் போட்டிக்கு வரவில்லை.

4. பால். இது மேல் வரும்படி. குட்டி போட்ட பெட்டைக் கழுதையை ஓட்டிக்கொண்டு தெருவில் "கழுதைப் பாலு" என்று கூவி, கேட்பவர் கண்முன் கறந்து, சங்கிலோ பாலாடையிலோ அளந்து தருவது பெங்களூரு, சென்னைத் தெருக்களில் பழைய காட்சி.

5. நம்பிக்கை. மழை பொய்த்தால் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைப்பது தமிழ்நாடு, கர்நாடகம் இரு மாநிலத்திலும் உண்டு. "என்னைப் பார் யோகம் வரும்" என்று எழுதிய கழுதைப் படம் சிவாஜிநகர் கடைச் சுவர்களில்கூடத் தொங்கும். இதில் வளர்ப்பவருக்கு வருமானம் எதுவும் இல்லை என்பதால் இத்துடன் விடலாம்.

இந்த ஐந்திலும் பொதுவான ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிலும் கழுதைக்குச் செலவு செய்வது கிடையாது. வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள், அது எங்கோ மேய்ந்துவிட்டு வரும். கொட்டில் இல்லை, புண்ணாக்கு இல்லை, பல நேரம் மருத்துவரும் இல்லை. நகரத்தில் என்றால் குப்பைத் தொட்டி. விலங்குக்கு இது நல்லதல்ல, ஆனால் இதுதான் நிஜம். நிலம் இல்லாத, கையில் காசில்லாத குடும்பம் ஒன்று, நாள் கூலிக்கு மேலே இன்னொரு கூலி சம்பாதிக்க வைத்திருக்கும் உயிர் கழுதை. அதன் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் நிற்கிறது: வரவு குறைவு, செலவு அதைவிடக் குறைவு.

பண்ணை முறை வரும்போது மாறிப்போவது இந்தக் கணக்குதான். அதற்கு முன்னால் எண்ணிக்கையையும் பார்த்துவிடலாம்.

கழுதைகள் எங்கே போயின

2012ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019இல் 1.2 லட்சம். ஏழே ஆண்டில் 61 சதவீதம் காணோம். கர்நாடகத்தில் சுமார் 16 ஆயிரத்திலிருந்து 9 ஆயிரமாகக் குறைந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்பார்கள், இங்கே கழுதையே தேய்ந்துவிட்டது.

முதல் காரணம் வண்டி. டாடா ஏஸ் 2005இல் சந்தைக்கு வந்தது. அதற்கு நம் ஊர் வைத்த பெயர் குட்டி யானை. சந்து பொந்தில் நுழையும், முக்கால் டன் ஏற்றும், தவணையில் கிடைக்கும். பதினைந்து கழுதை சுமப்பதை ஒரே நடையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். சலவை, மணல், கட்டடச் சாமான் என்று சமவெளியில் கழுதைக்கு இருந்த வேலையை அது வாங்கிக்கொண்டது. கழுதைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தத் தொழிலை விரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்தால் ஏன் என்று புரியும்.

ஆனால் வண்டி வந்ததால் மட்டும் ஏழு ஆண்டில் பாதிக்கு மேல் மறையாது. மெல்லத்தான் குறைந்திருக்கும். இரண்டாவது காரணம் தோல். சீனாவில் கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் எஜியாவ் என்ற பசை ரத்தத்துக்கு நல்லது, அழகுக்கு நல்லது என்று பெரிய அளவில் விற்கிறது. சீனாவின் சொந்தக் கழுதைகள் 1990களில் ஒரு கோடிக்கு மேல் இருந்து சில பத்து லட்சங்களாகக் குறைந்த பிறகு, தோல் தேடும் தரகர்கள் ஆப்பிரிக்காவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போனார்கள். நிலைமை முற்றி, 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றிய நாடுகள் தோலுக்காகக் கழுதையைக் கொல்வதற்குத் தடை கொண்டுவர ஒப்புக்கொண்டன. இந்தியாவிலும் கழுதைகள் திருட்டுத்தனமாக வெட்டப்பட்டுத் தோல் கடத்தப்படுவதை, கழுதை, குதிரை நலனுக்காக இயங்கும் ப்ரூக் இந்தியா அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

மூன்றாவது காரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆந்திரக் கடலோர மாவட்டங்கள் சிலவற்றில், குண்டூர், பிரகாசம் பக்கம், கழுதைக் கறி தின்றால் உடல் பலம் வரும், மூச்சிரைப்பு போகும் என்று ஒரு நம்பிக்கை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில் கழுதை கறிக்கான விலங்கு இல்லை, ஆகவே விற்பது சட்டப்படி குற்றம். இருந்தாலும் மற்ற மாநிலங்களிலிருந்து கழுதைகள் அங்கே போகின்றன. கழுதை திருட்டுப் போவது, சந்தையில் விலை ஏறுவது எல்லாம் இதோடு சேர்ந்த விளைவுகள். மகாராஷ்டிரத்தின் ஜெஜூரி, குஜராத்தின் வௌதா, உத்தரப் பிரதேச-மத்தியப் பிரதேச எல்லையில் சித்ரகூடம் என்று கழுதைச் சந்தைகள் இன்னும் கூடுகின்றன. ஆனால் இன்று வாங்குபவன் பொதிக்கு வாங்குகிறானா, வெட்டுக்கு வாங்குகிறானா என்பது விற்பவனுக்கே தெரியாது.

பாலில் என்ன இருக்கிறது

கழுதைப் பாலைப் பற்றிச் சொல்லப்படுவதில் உண்மை, பாதி உண்மை, கட்டுக்கதை மூன்றும் உண்டு.

முதலில் உண்மை. கழுதைப் பாலின் அமைப்பு பசும்பாலை விடத் தாய்ப்பாலுக்கு நெருக்கமானது. பசும்பாலில் புரதம் நூற்றுக்கு மூன்றுக்கு மேல், கழுதைப் பாலில் ஒன்றரை முதல் 1.8 வரை, தாய்ப்பாலில் ஒன்றை ஒட்டி. பால் சர்க்கரை கழுதைப் பாலில் 6 முதல் 7, கிட்டத்தட்ட தாய்ப்பால் அளவு. அதனால்தான் இனிக்கிறது. பாலை உறையவைக்கும் கேசீன் என்ற புரதம் இதில் குறைவு. பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் பலருக்குக் கழுதைப் பால் ஒத்துக்கொள்வது இத்தாலி போன்ற நாடுகளில் மருத்துவர்கள் மேற்பார்வையில் பார்க்கப்பட்ட விஷயம். கிருமியை எதிர்க்கும் லைசோசைம் என்ற நொதியும் இதில் நிறைய உண்டு.

அடுத்து பாதி உண்மை. தாய்ப்பாலுக்கு நெருக்கம் என்றால் தாய்ப்பாலுக்குப் பதில் என்று பொருளல்ல. கழுதைப் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, பல நேரம் நூற்றுக்கு ஒன்றைத் தொடாது. தாய்ப்பாலில் அது மூன்றரை, நான்கு. வளரும் குழந்தைக்கு வேண்டிய சக்தியில் பெரும் பங்கு கொழுப்பிலிருந்துதான் வருகிறது. மேலே சொன்ன மருத்துவர்களே எண்ணெய் போன்ற கொழுப்பைச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

கட்டுக்கதை எதுவென்றால், பிறந்த குழந்தைக்கு ஒரு சங்கு புகட்டினால் மஞ்சள்காமாலை வராது, சளி பிடிக்காது, குரல் நன்றாக வரும் என்பது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தெருவில் கறந்து காய்ச்சாமல் கொடுக்கும் பாலில், கறப்பவர் கை, கழுதையின் மடி, சங்கு என்று கிருமி நுழைய மூன்று வழி இருக்கிறது. குழந்தையின் கண் மஞ்சளாக இருந்தால் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. ஆசைப்பட்டுப் புகட்டச் சொல்லும் பாட்டியிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் விட்டும் கொடுக்க வேண்டாம்.

பால் வியாபாரத்துக்கு முக்கியமான இன்னொரு விஷயம், இந்தப் பால் நம் தயிர் போல உறையாது. மீந்ததைத் தயிராக்கலாம், மோராக்கலாம், நெய் காய்ச்சலாம் என்ற வழியெல்லாம் மாட்டுக்காரருக்குத்தான். இங்கே விற்காத பால் உறைபனியில் உலர்த்திப் பொடியாக வேண்டும், அதற்கு இயந்திரம் வேண்டும். இல்லாவிட்டால் சாக்கடைக்குத்தான் போகும்.

கழுதை எவ்வளவு கறக்கும்

கழுதையின் சினைக்காலம் ஏறத்தாழ 12 மாதம், ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. மடி சிறியது, பாலைத் தேக்கி வைக்காது. குட்டி பக்கத்தில் இருந்தால்தான் சுரக்கும். குட்டியைச் சில மணி நேரம் பிரித்து வைத்து, பிறகு பக்கத்தில் நிறுத்திக் கறந்து, மீதியைக் குட்டிக்கு விட வேண்டும். நாட்டுக் கழுதையில் இப்படி நாளெல்லாம் சேர்த்தால் கால் லிட்டர், அரை லிட்டர். ஐரோப்பாவின் பெரிய இனங்களில், நல்ல தீவனத்தில், ஒரு லிட்டரைத் தொடும். குட்டிக்கு ஆறு மாதம் ஆகும்போது பால் குறையத் தொடங்கும். அடுத்த ஈற்று வரை காத்திருக்க வேண்டும்.

அதாவது பத்துக் கழுதை வைத்திருந்தால் எந்த நேரத்திலும் பாதிதான் கறவையில் இருக்கும். மாட்டுக்குப் பத்து லிட்டருக்கு உட்காரும் அதே ஆள், இங்கே அரை லிட்டருக்கு இரண்டு, மூன்று தடவை உட்கார வேண்டும். பாலின் விலை ஏறுவதற்கு முதல் காரணம் இந்த ஆள்கூலிதான், பாலின் மகிமை அப்புறம்தான்.

ஐயாயிரம் எப்படி வந்தது

மங்களூர்ப் பண்ணைச் செய்தியில் வந்த விலை, 30 மில்லி பாக்கெட் 150 ரூபாய். செய்தி படித்தவர்கள் அதை ஆயிரத்தால் பெருக்கி முப்பதால் வகுத்தார்கள், லிட்டர் 5,000 ரூபாய் வந்துவிட்டது. கணிதம் சரி. ஆனால் யாரும் லிட்டர் கணக்கில் வாங்கவில்லை. தெருவில் ஒரு சங்கு ஐம்பதுக்கோ நூறுக்கோ விற்றாலும் இதே கதைதான். சில்லறைப் பொட்டல விலையை மொத்த விலையாக எடுத்துக்கொள்வதுதான் முதல் சறுக்கல்.

அடுத்த சறுக்கல் பெரியது. ஹோசப்பேட்டைப் புகாரில் விவசாயிகள் சொன்ன ஒப்பந்தம் இப்படி: மூன்று லட்சம் ரூபாய்க்கு மூன்று கழுதைகள், பாலை லிட்டர் 2,350 ரூபாய்க்கு நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்.

1. மூன்றும் கறவையில் இருக்கின்றன, தலைக்கு அரை லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஒன்றரை லிட்டர், 3,525 ரூபாய்.

2. மூன்று லட்சமும் 85 நாளில் திரும்பிவிடும். மூன்று மாதத்தில் முதல் முழுவதும் திரும்புகிற தொழிலை அந்த நிறுவனம் தானே செய்யாமல் ஏன் மற்றவருக்கு விற்கிறது?

3. விற்பவர் பக்கம் பார்த்தால் பதில் கிடைக்கும். சந்தையில் ஒரு நாட்டுக் கழுதையைச் சில ஆயிரங்களிலிருந்து சில பத்தாயிரங்களுக்குள் வாங்கலாம். அது தலைக்கு ஒரு லட்சத்துக்குப் போகிறது என்றால், லாபம் கழுதையை விற்கும்போதே எடுக்கப்பட்டுவிட்டது.

4. பாலை என்ன செய்வார்கள்? சோப்பு, கிரீம் என்பார்கள். ஒரு சோப்புக்குப் பத்து மில்லி பால் போகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு லிட்டரில் நூறு சோப்பு. முந்நூறு பண்ணைகள் நாளைக்கு ஒன்றரை லிட்டர் கொடுத்தால் 450 லிட்டர், அதில் நாளொன்றுக்கு 45 ஆயிரம் சோப்பு. மாதத்துக்கு பதிமூன்றரை லட்சம். பால் செலவே சோப்புக்கு 23 ரூபாய் 50 காசு ஆகும்போது, கடையில் அதன் விலை நூறுகளில்தான் இருக்கும். அந்த விலையில் அத்தனை சோப்பு வாங்க ஆள் எங்கே?

5. ஆக, முதலில் சேர்ந்தவருக்குப் பால் பணம் கொடுக்க, புதிதாகச் சேர்பவரின் கழுதைப் பணம் வேண்டும். சேர்பவர்கள் நின்றால் எல்லாம் நிற்கும்.

ஹைதராபாதில் 2024 நவம்பரில் பேசிய விவசாயிகளின் குற்றச்சாட்டும் இதே வரிசையில்தான் போனது. அதில் தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் நான்கு மாநிலத்தவரும் இருந்தார்கள். முதலில் பணம் வந்தது, பிறகு நின்றது, கொடுத்த காசோலைகள் திரும்பின.

இது நமக்குப் புதிதும் அல்ல. 2012இல் பெருந்துறையை மையமாக வைத்து, பணம் போட்டவர்களை ஏமாற வைத்த ஈமு கோழித் திட்டம் என்ன ஆனது என்று கொங்கு நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதிலும் பறவை உண்மை, முட்டை உண்மை, எண்ணெய்க்கு மருத்துவக் குணம் என்ற பேச்சும் இருந்தது. வாங்குவதற்கு விற்றவரைத் தவிர வேறு ஆள் மட்டும் இல்லை.

கழுதைப் பாலுக்கு ஆளே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. சிறிய சந்தை ஒன்று இருக்கிறது: கைவினைச் சோப்புக்காரர்கள், சில அழகுப் பொருள் நிறுவனங்கள், தெருவில் சங்கு கணக்கில் வாங்கும் தாய்மார்கள். இருபது கழுதை, தானே பாக்கெட் போட்டுத் தானே விற்கும் சாமர்த்தியம், பக்கத்தில் பணமுள்ள நகரம் மூன்றும் இருந்தால் ஒருவர் பிழைக்கலாம். அதே ஊரில் ஐம்பது பேர் தொடங்கினால் முடியாது.

மானியம் எதற்கு

2024 பிப்ரவரி 21 அன்று தேசிய கால்நடை இயக்கத்தில் செய்த திருத்தத்தின்படி குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் வளர்ப்புத் தொழிலுக்கு முதலீட்டில் 50 சதவீதம், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. தனி நபர், சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எல்லோரும் கேட்கலாம். மீதிப் பாதி வங்கிக் கடனாகவோ கைப்பணமாகவோ வர வேண்டும். விண்ணப்பம் உத்யமிமித்ரா இணையதளம் வழியாக.

இதன் நோக்கம் இனவிருத்தி. நாட்டில் கழுதை தீர்ந்துபோகிறதே என்ற கவலையில் வந்தது. குஜராத்தின் ஹாலாரி, கச்சி, இமாச்சலத்தின் ஸ்பிதி ஆகியவை பதிவான கழுதை இனங்களில் அடங்கும். வெள்ளை நிறத்தில் உயரமாக இருக்கும் ஹாலாரி இன்று சில நூறுதான் மிச்சம். மாநிலங்கள் விந்து நிலையமும் மூல இனப்பெருக்கப் பண்ணையும் அமைக்க மத்திய அரசு பத்துக் கோடி ரூபாய் தரும் என்பதும் அதே முடிவின் பகுதி. "அரசே மானியம் கொடுக்கிறது, ஆகவே பால் விற்கும்" என்று விளம்பரத்தில் வரும் வாக்கியத்தில் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் சம்பந்தம் கிடையாது.

என் பார்வையில் இதில் ஒரு கோணல் இருக்கிறது. 50 லட்ச மானியம் வாங்க ஒரு கோடி ரூபாய்த் திட்டம் வேண்டும், திட்ட அறிக்கை வேண்டும், வங்கி நம்ப வேண்டும். கழுதையின் காலைப் பார்த்தே நோயைச் சொல்லக்கூடிய சலவைத் தொழிலாளியோ மேய்ச்சல்காரரோ இந்த வரிசையில் வந்து நிற்கவே மாட்டார். அவருக்குத் தேவை மேய்ச்சலுக்குப் புறம்போக்கு, லாடம் கட்ட ஆள், ஊசி போட ஒரு மருத்துவர், திருட்டுப் போனால் புகாரை வாங்கும் காவல் நிலையம். அறிவிப்பில் இதற்கெல்லாம் இடம் இல்லை.

எல்லாம் தெரிந்தும் வளர்க்க ஆசையா

சரி, லாபத்துக்காக இல்லை, தோட்டத்தில் இரண்டு கழுதை இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சில விஷயங்கள்.

ஒன்றாக வாங்கக்கூடாது. கழுதை இணை பிடித்து வாழும். தனியாக விட்டால் தீனியைக் குறைத்து நோயில் விழும். பட்டினியில் அதன் ரத்தத்தில் கொழுப்பு ஏறி ஈரல் கெடுவது தனியாக ஒரு நோய். அதற்கு எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். மாட்டுக்குப் போடுவது போல் அடர்தீவனம் போட்டால் உடம்பு பெருத்து, குளம்பு வீங்கி, நடக்க முடியாமல் போகும்.

வறண்ட நாட்டுப் பிராணி என்பதால் அதன் ரோமத்தில் தண்ணீர் ஓடாது, ஊறும். ஓசூர்ப் பக்கத்து ஐப்பசி மழையில் கூரையில்லாமல் விட்டால் சளி பிடிக்கும், ஈரச் சேற்றில் குளம்பு அழுகும். குளம்பை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சீவிவிட ஆள் வேண்டும். அதைத் தெரிந்தவர்கள் இப்போது குதிரைப் பண்ணைகளில்தான் கிடைக்கிறார்கள். வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி இது. தலையைத் தொங்கப்போட்டு நின்றாலே நோய் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

வெளி மாநிலத்திலிருந்து வாங்கினால் கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்க வேண்டும். குதிரை இனத்திலிருந்து மனிதருக்கும் தொற்றும் பாக்டீரியா நோய் இது, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. உறுதியானால் விலங்கைக் கொன்றுவிடுவார்கள். ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இதைச் சோதிக்கிறது. மாதிரியை உள்ளூர்க் கால்நடை மருத்துவமனை வழியாக அனுப்பலாம்.

பிறகு ஆயுள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கழுதை 25, 30 ஆண்டு இருக்கும். பால் திட்டம் இரண்டே ஆண்டில் படுத்தாலும், தலைக்கு ஒரு லட்சம் கொடுத்து வாங்கிய அந்த மூன்று கழுதைகளுக்கும் கொட்டிலும் தீனியும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகளுக்கு வேண்டும். விற்கலாம் என்றால், அதிக விலை கேட்டு வருபவர் எந்த மாவட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றைக் கொடுக்க வேண்டும்.